நிகர எடை

வேலந்தாவளம் எடைமேடையில் ரசீது போடுகிறவள் நான்.
மிச்ச நேரத்தில் ஒரு பத்திரிகைக்குச் செய்தி அனுப்புவேன்:
கள்ளுக்கடை ஏலம், கால்வாயில் தண்ணீர் விடாதது,
வாளையாற்றில் யானை தண்டவாளம் கடந்தது.
பெரிய நிருபர் கோவிந்தன்குட்டிக்குப்
பரிசோதனையில் ரத்த அழுத்தம் எகிறியதால்
விமானப்படை சாகசக் குழுவின் ஒத்திகையில்
ஒரு பின்னிருக்கை எனக்கு விழுந்தது.

காலையில் என்ன சாப்பிட்டீர்கள், மருத்துவர் கேட்டார்.
ஒன்றும் இல்லை என்றேன்.
தப்பு. வாழைப்பழம் சாப்பிடுங்கள்.
உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும்
அதற்கு ஒரே ருசி.
அவர் சிரிக்கவில்லை.

படிவங்கள்.
'யாருக்குத் தெரிவிக்க வேண்டும்' என்ற கட்டத்தில்
அண்ணன் பெயரை எழுதி, அடித்து,
எடைமேடை முதலாளி நம்பரைப் போட்டேன்.
அவர்தான் போனை எடுப்பார்.

தொடைகளுக்கு நடுவே
மஞ்சளும் கறுப்புமாய் வரிபோட்ட கைப்பிடி.
சொன்னால் இழுங்கள் என்றார் முன்னிருக்கை மொகந்தி.
இரண்டாம் தடவை சொல்வேன் என்று காத்திருக்காதீர்கள்.

மலம்புழை அணை கைக்கண்ணாடி அளவுக்குச் சுருங்கியது.
கணவாய்க் காற்று அடிவயிற்றில் முட்டியது.
மேலிருந்து பார்த்தால் எல்லைக்கோடே தெரியாது என்பார்கள்.
எனக்குத் தெரிந்தது.
கோழி, சிமென்ட், மாட்டுத்தீவனம், வைக்கோல்
இரண்டு பக்கமும் லாரி வால் நீண்டிருந்த இடம் எல்லை.

ஒன்பது விமானங்கள்.
நான் பார்த்தது ஒன்றின் இறக்கை நுனியை.
எட்டிப் பிடிக்கலாம் போல அவ்வளவு பக்கம்.
பதினான்கு திருகாணிகள்.
ஒன்றின் தலையில் மட்டும் பெயின்ட் உரிந்திருந்தது.
இருபத்திரண்டு நிமிடமும் அதையேதான் பார்த்தேன்.

மொகந்தி ஏதோ ஒரு சொல் சொன்னார்.
பேனா பிடித்த கை மடியில் விழுந்தது.
தூக்க முடியவில்லை.
கன்னம் தாடைக்கு இறங்கியது.
கணக்குப் போட்டேன், தொழில் அதுதானே:
ஐம்பத்தெட்டு கிலோ
இப்போது இருநூற்றுத் தொண்ணூறு.
ஒரு சரக்கும் ஏற்றாமல்.
அபராதம் எழுத ஆளில்லை.
பார்வையின் ஓரங்களில் சாம்பல் ஏறி
நடுவில் அந்தத் திருகாணி மட்டும் மிஞ்சியது.

பிறகு உச்சி.
கையுறையில் நூலால் கட்டியிருந்த பேனா
நூல் இழுத்த மட்டும் எழும்பி
மூக்குக்கு முன்னால் மெல்லத் திரும்பியது.
தலைக்கு மேலே கொழிஞ்சாம்பாறை தொங்கியது.
தென்னை, மாதா கோயில், தக்காளி வயல்,
எதுவும் விழவில்லை.
நானும் எடையில்லாமல் இருந்தேன்,
ஒரு நொடி, ஒன்றரை நொடி,
யாருக்கும் ரசீது தராமல்.

புகை, என்றது காதுக்குள் ஒரு குரல்.
விட்டோம் போல.
அது எங்களுக்குப் பின்னால் நடக்கிற காரியம்.
கழுத்து திரும்பவில்லை.

வாழைப்பழத்தைப் பற்றி மருத்துவர் சொன்னது
பாதிதான் உண்மை.

முப்பது வரி எழுதினேன், நான்கு வந்தது.
கீழிருந்து யாரோ எடுத்த படம் வந்திருக்க வேண்டும்.
எங்கள் பக்கம் அன்று பேப்பர் வரவில்லை.

மறுநாள் ராத்திரி
நாமக்கல் முட்டை லாரி மேடையில் ஏறியது.
'முந்தாநாள் மேலே ஒண்ணு வரைஞ்சாங்களே, பாத்தியாக்கா?'
இல்லை என்றேன். பொய்யில்லை.
அட, என்று செங்கோடன் கதவைத் திறந்து
மேடையை விட்டே இறங்கி வந்து
வைக்கோல் தூசி படிந்த இரண்டு கைகளையும்
நெஞ்சுக்கு நேராய்ச் சேர்த்தான்.
ஒண்ணாப் போறான், ஒண்ணாப் போறான்,
மேல போனதும் பிரியறான்,
இவன் இப்படி வளையறான், அவன் அப்படி,
திரும்ப வந்து, இங்க, மோதற மாதிரியே வந்து

திரையில் எண்பது கிலோ குறைந்திருந்தது.
ஏறு, எடை தப்பும் என்றேன்.
ஏறவில்லை.
வலது கை முடிந்திருந்தது.
இடது கை இன்னும் பாதி வழியில் இருந்தது.